தேடினாலும் வராத சட்டை

அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அப்பாவுக்குத்தான் ஓயாத வேலை. மருமகள் சொல்வதை மகளிடம் ஒப்பிக்க வேண்டும். மகள் சொல்வதை மருமகளிடம் ஒப்பிக்க வேண்டும். இத்தனைக்கும் மூன்று பேரும் உட்கார்ந்திருப்பது ஒரே மேசையைச் சுற்றி.

"மாமா, அவங்களுக்கு இன்னும் கொஞ்சம் டீ வேணுமான்னு கேளுங்க" என்றாள் அண்ணி, கெட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே.

"வாண்டு, உனக்கு இன்னும் கொஞ்சம்..."

"வேணாம்னு சொல்லிடுங்கப்பா."

"வேணாமாம்மா" என்று அறிவித்துவிட்டு அப்பா தன் காலிக் கோப்பையைப் பார்த்தார். அவருக்கு வேண்டுமா என்று கேட்க ஆளில்லை. இடையில் வந்த அண்ணன் எதையும் கண்டுகொள்ளவில்லை. சாயந்திரம் செருப்பு வியாபாரி வருகிறார், தையல் அறையைக் கொஞ்சம் ஒழித்து வையுங்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, ரொட்டியை வாயில் கவ்விக்கொண்டு படியிறங்கிவிட்டான். அந்தப் 'பொதுவாக' யாருக்கு என்று எல்லாருக்கும் தெரியும். அண்ணி கெட்டிலைக் கீழே வைத்தாள். அது கொஞ்சம் சத்தமாகவே இறங்கியது.

போன வாரம் படித்தவர்களுக்கு இதெல்லாம் ஏன் என்று தெரியும். விட்டுவிட்டவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னைக் கோபித்துக்கொள்ளக்கூடாது.

மேல்மாடியில் வீடு, நடு மாடியில் ஆபீஸ், தரைத்தளத்தில் தையல் அறையும் குடோனும். குடும்பத்துக்கு ஆன்லைனில் ஒரு துணிக்கடை. முதலாளி அண்ணன். கம்ப்யூட்டர் பக்கம் முழுக்க வாண்டு. முப்பதைத் தாண்டிவிட்டாலும் வீட்டில் வைத்த அந்தப் பெயர் அவளைவிட்டுப் போகவில்லை. தையல் அறை அண்ணியின் ராஜ்யம். அங்கே ஒரே ஒரு சரக்குதான் தயாராகிறது. தோளிலிருந்து இடுப்புவரை பக்கவாட்டில் பிரஸ் பட்டன் வைத்த சட்டை. கையைத் தூக்க முடியாதவர்களுக்கு, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு, தலை வழியாக மாட்டாமல் அப்படியே விரித்துப் போட்டு மூடிவிடலாம். வாண்டுவின் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்துபோனபோது அண்ணி தன் கையால் வெட்டித் தைத்ததுதான் முதல் சட்டை. அப்போது வாண்டு வேலைக்காக வேறு ஊரில் இருந்தாள். அம்மாவுக்குக் கடைசிவரை உடுத்திவிட்டது அண்ணிதான்.

கொஞ்ச காலம் அந்தச் சட்டை நன்றாகத்தான் போனது. அப்புறம் என்ன ஆயிற்றோ, சில மாதங்களாக ஒரேயடியாகப் படுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் விஷயத்தைப் போட்டு உடைத்தான். இந்தப் பிரிவை மூடிவிடலாம், தையல்காரர்கள் இரண்டு பேரையும் வேறு இடம் பார்க்கச் சொல்லலாம், தெருவைப் பார்த்த அந்தத் தையல் அறை சும்மா கிடக்க வேண்டாம், செருப்பு வியாபாரி குடோனுக்குக் கேட்கிறார். அண்ணி அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேராக வாண்டுவைப் பார்த்து, "என் சட்டையை எங்கே கொண்டுபோய் ஒளிச்சு வெச்சே?" என்று கேட்டாள். கடைக்குள் தேடினால் எது முதலில் வர வேண்டும் என்பதை வாண்டு புதிதாக மாற்றியமைத்ததற்குப் பிறகுதானே எல்லாம்?

வாண்டுவும் சும்மா இருந்திருக்கலாம். நாக்கு இருக்கிறதே. "யாருக்கும் வேணாம்னா நான் என்ன பண்றது அண்ணி?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து அப்பா தபால்காரர்.

*

ஆபீஸுக்கு இறங்கி வாண்டு நாற்காலியில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. எடுக்க வேண்டிய பெண் இன்னும் வரவில்லை. வேண்டாவெறுப்பாக இவளே எடுத்தாள்.

பேசியவர் ஒரு லாரி டிரைவர். வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பேசுவது பின்னால் போகிற ஹாரன் சத்தத்திலேயே தெரிந்தது. அவருடைய அப்பா படியில் விழுந்து தோள் உடைந்துவிட்டதாம், கட்டுப் போட்டிருக்கிறார்களாம். போன வருஷம் பக்கத்து வீட்டுக்காரர் இந்தக் கடையில் வாங்கிய, பக்கத்தில் பட்டன் வைத்த சட்டை ஒன்று அவருக்கு ஞாபகம். நேற்றிலிருந்து தேடுகிறாராம், என்ன தேடினாலும் கோட்டும் பார்ட்டிக்குப் போடுகிற பளபளா சட்டையும்தான் வருகிறதாம். கோபமே இல்லாமல்தான் கேட்டார்: "அதைத் தைக்கிறதை நிறுத்திட்டீங்களாம்மா?"

வாண்டுவுக்குச் சுருக்கென்றது. நிறுத்தவில்லை, இருக்கிறது, நானே பார்த்து அனுப்பி வைக்கிறேன் என்று சமாளித்து அவர் நம்பரைக் குறித்துக்கொண்டாள். போனை வைத்தபின் தன் போனில் கடையைத் திறந்து 'சட்டை' என்று போட்டுத் தேடினாள். இழுத்தாள். இன்னும் இழுத்தாள். கட்டைவிரல் வலிக்கிற வரை இழுத்தபின், பழைய சரக்கெல்லாம் தூங்குகிற அடிமட்டத்தில் அண்ணியின் சட்டை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தான் சொன்னதை நினைத்துக்கொண்டாள். யாருக்கும் வேணாமாம். வேண்டும் என்கிற ஆள் ராத்திரி பகலாகத் தேடிவிட்டு, நீங்கள் நிறுத்திவிட்டீர்களா என்று கேட்கிறார். முகத்தில் யாரோ தண்ணீரை அடித்த மாதிரி இருந்தது அவளுக்கு.

மற்ற வேலையெல்லாம் ஓரமாகப் போயிற்று. சரக்கு இருப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள், இருந்தது. படம் இருக்கிறதா, அளவு எல்லாம் ஏறியிருக்கிறதா; இருந்தது. தேடலுக்கு அந்தச் சட்டை இருப்பதே தெரியாமல் போயிற்றோ என்று பார்த்தால், நன்றாகத் தெரிந்திருந்தது. தெரிந்தேதான் அடியில் தள்ளியிருந்தது.

இங்கே அந்தத் தேடல் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடப்பது புரியாது. பயப்பட வேண்டாம், ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நல்ல விற்பனையாளர் ஒருவர் துணியை எடுத்துப் போடுவார். நாலு பேர் பார்த்தும் ஒருவர்கூடக் கையில் எடுக்கவில்லை என்றால், அடுத்த தடவை அதை முதலில் எடுத்துப் போட மாட்டார். வாண்டு அமைத்ததும் அதே மாதிரிதான். ஒரு பொருளைத் திரையில் காட்டினோமா, பார்த்தவர் கிளிக் பண்ணித் திறந்தாரா? திறந்தால் அது மேலே ஏறும். பார்த்துவிட்டுத் திறக்காமலே போனால் கீழே இறங்கும். மற்ற எல்லாச் சரக்குக்கும் இது ஒழுங்காக வேலை செய்து, அண்ணன் நாலு பேரிடம் தங்கையைப் பற்றிப் பெருமையடித்ததும் உண்டு.

அண்ணியின் சட்டைக்கு மட்டும் கணக்கு விநோதமாக இருந்தது. காட்டியது ஏராளம். கடையிலேயே அதிகமாகக் காட்டப்பட்ட பொருள்களில் அதுவும் ஒன்று. திறந்தவர்கள்தான் ஏறக்குறைய யாருமில்லை.

இவ்வளவு பேர் தேடிப் பார்த்துவிட்டு ஒருவர்கூடத் திறக்காமல் போவார்களா? வாண்டுவுக்குச் சந்தேகம் தட்டியது. யார் இவர்கள், எங்கிருந்து பார்க்கிறார்கள் என்று துருவினாள். பார்த்தவர்களில் முக்கால்வாசி இந்தக் கட்டடத்துக்குள்ளேயே இருந்தார்கள். மாடிக்கு மாடி தனித்தனி நெட் இணைப்பு என்பதால் எந்த மாடி என்பதுகூடத் தெரிந்தது. தரைத்தளம். தையல் அறை. கொஞ்சம் மேல்மாடியிலிருந்தும், அதாவது வீட்டிலிருந்தும். சற்றுமுன் அவளே தேடியதை விட்டால், அவளும் அண்ணனும் உட்காருகிற நடு மாடியிலிருந்து ஒன்றுகூட இல்லை.

யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. ஏதோ கடுப்பில் தையல்காரர்களில் ஒருத்தியோ? சண்டைக்குத் தயாராக வாண்டு படியிறங்கினாள்.

*

தையல் அறையில் அண்ணி இல்லை. குடோனில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி அக்கா மட்டும் மெஷினில் இருந்தாள். அவள் மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றிக்கு மேலே ஒரு கண்ணாடி, தேடுவது எப்போதும் மூன்றாவது கண்ணாடியை. அதனால் வந்த பெயர். இன்னொரு தையல்காரி வேலை விசாரிக்கப் போயிருந்தாள்.

போன் எடுத்து நம் கடையில் சட்டையைத் தேடுகிறது யார் என்று வாண்டு விறைப்பாகக் கேட்டாள். கண்ணாடி அக்கா ஒளிக்கவில்லை, மழுப்பவில்லை. இதென்ன கேள்வி என்பதுபோல் பார்த்தாள்.

"நாங்க எல்லாரும்தான் பாப்பா. தினமும் பார்க்கிறோமே."

பிறகு கதை கொட்டியது. காலையில் வந்ததும் மெஷினுக்கு எண்ணெய் போடுவதற்கு முன்னால் மூன்று பேரும் ஆளுக்கொரு போனை எடுத்துத் தேடிப் பார்ப்பார்களாம், நம் சட்டை எந்த இடத்தில் நிற்கிறது என்று. டீ குடிக்கும்போது ஒரு தடவை. சாப்பிட்டுக் கை கழுவியதும் ஒரு தடவை. பள்ளிக்கூடம் போன பிள்ளை பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கிற மாதிரிதான். முதலில் எல்லாம் மேலேயே இருக்கும், பார்த்து ஒரு சந்தோஷம். நடுவில் என்னவோ இறங்க ஆரம்பித்தது. கவலையாகிவிட்டது. அதனால் இன்னும் அடிக்கடி தேட ஆரம்பித்தார்கள். கண்ணில் படும்வரை கீழே இழுத்து, இழுத்து, கண்டதும்தான் போனை வைப்பார்கள். மேலே பெரியவரும் டீக்குப் பிறகு தன் போனில் பார்த்துவிட்டு, இன்றைக்கு இன்ன இடம் என்று மருமகளிடம் வந்து சொல்வார்.

"திறந்து பார்க்கவே மாட்டீங்களா அக்கா?"

"ஐயோ, அது தப்பில்லையா? நம்ம ஆளுங்க நம்ம பொருளைக் கிளிக் பண்ணக்கூடாதுன்னு உங்க அண்ணன் சட்டமே போட்டிருக்காரே. உங்க அண்ணி அதுல ரொம்பக் கண்டிப்பு. பார்க்கலாம், விரல் பட்டுடக்கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கா. ஒரு தடவை தெரியாம பட்டுடுச்சு, அதுக்கே எனக்குத் திட்டு."

வாண்டு அங்கிருந்த துணி மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அந்தச் சட்டம் உண்மைதான். சித்தப்பா மகன் ஒருவன் இந்தக் கடையில் துண்டு விற்கக் கொடுத்துவிட்டு, நாளெல்லாம் தன் துண்டையே கிளிக் பண்ணிப் பண்ணி முதல் இடத்துக்கு ஏற்றிவிட்டான். கண்டுபிடித்த அண்ணன் தாம்தூம் என்று குதித்து, குடும்பத்திலோ கடையிலோ யாரும் நம் சரக்கைக் கிளிக் பண்ணவே கூடாது என்று உத்தரவு போட்டான். அந்த உத்தரவு இருக்கிறதே என்றுதான் வாண்டுவும் உள்ளூர் ஆட்கள் பார்ப்பதைக் கணக்கிலிருந்து தனியாகக் கழிக்காமல் விட்டாள். கிளிக் பண்ண மாட்டார்கள், அவ்வளவுதானே? கிளிக் பண்ணாமல் வெறுமனே ஆசை ஆசையாகப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள் என்று யார் கண்டது? காட்டினேன், திறக்கவில்லை, மறுபடி காட்டினேன், மறுபடியும் திறக்கவில்லை. தேடலுக்கு என்ன தெரியும் பாவம், வேண்டாம் போலிருக்கிறது என்று ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டே போயிருக்கிறது. இறங்க இறங்க இவர்கள் இன்னும் அதிகமாகப் பார்த்திருக்கிறார்கள். இதைக் கண்ணாடி அக்காவிடம் வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"என்ன ஆச்சு?" என்று குரல் கேட்டது.

அண்ணி வாசலில் நின்றாள். தோளில் துணிச்சுருள், கழுத்தில் அளவு நாடா. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. இந்த வாரத்தில் முதல்முறையாக அப்பாவை நடுவில் வைக்காமல் கேட்கிறாள் என்பதை இருவருமே கவனிக்கவில்லை. கண்ணாடி அக்காதான் சும்மா இருக்காமல், பாப்பா இதைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது, தேடுவதாலேயே கீழே போகுமாமே என்று அரைகுறையாகப் புரிந்ததை எடுத்துவிட்டாள். அண்ணி புத்திசாலி. மிச்சத்தை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. துணிச்சுருளை மெல்ல மேசைமேல் இறக்கினாள்.

"அப்போ நான்தானா?"

பொய் சொல்லிவிடலாமா என்று வாண்டுவுக்கு ஒரு கணம் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை தன் முகத்துக்கு நேரே குற்றம் சாட்டியவள்தான். அவள் பக்கம்தான் தப்பு என்று இப்போது நிரூபணமே கையில் இருக்கிறது. ஆனால் வெற்றி என்கிற எண்ணம் வாண்டுவுக்குக் கொஞ்சமும் இல்லை. அழுகைதான் வந்தது.

"ஆமாம் அண்ணி. ஆனா நீங்க தப்புப் பண்ணலை. அண்ணா போட்ட சட்டத்தை இந்தக் கட்டடத்துல ஒழுங்காக் கேட்டது நீங்க ஒருத்தர்தான். நான்தான் உங்களைக் கணக்குல இருந்து எடுத்திருக்கணும்."

அண்ணி ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். உன்னை என்னென்னவோ சொல்லிவிட்டேனே என்று முணுமுணுத்தாள். நானும்தான் சொன்னேன் என்றாள் வாண்டு. யாருக்கும் வேண்டாம் என்பது பொய் என்றும் சொல்லி, லாரி டிரைவர் விஷயத்தைச் சொன்னாள். அண்ணி உடனே, எந்தப் பக்கத்துத் தோள் என்று கேட்டாள். அவள் அப்படித்தான்.

எழுந்து போகப் பார்த்த வாண்டுவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். "சரி பண்றதைப் பண்ணு. இதை மட்டும் உங்க அண்ணன்கிட்ட சொல்லாதே. சிரிப்பாரு. நாலு பேர்கிட்ட சொல்லிச் சிரிப்பாரு. ரூம் போனாப் போகட்டும், அந்தச் சிரிப்பை என்னால தாங்க முடியாது."

*

சரி செய்கிற வேலை ஒன்றும் மலையைப் புரட்டுவது இல்லை. கட்டடத்துக்குள்ளிருந்து யார் பார்த்தாலும், திறந்தாலும், திறக்காவிட்டாலும் கணக்கில் சேராது என்று மாற்றினாள். பழைய கணக்கிலிருந்தும் வீட்டாட்கள் பார்த்ததை எல்லாம் கழித்து, முழு வரிசையையும் புதிதாகப் போடச் சொன்னாள்.

அது ஓடுகிற நேரத்தில், ஜனங்கள் தேடி வேண்டியது கிடைக்காமல் திரும்பிப் போன தேடல்களை எடுத்துப் பார்த்தாள். வழக்கமாக அதைப் பார்க்கச் சோம்பல்தான். தேடு பெட்டியில் மனிதர்கள் கடையிடம் பேசுவதுபோலப் பேசியிருந்தார்கள். 'ஆபரேஷன் ஆனவங்க போடற சட்டை.' 'கை தூக்க முடியல அப்பாவுக்கு.' ஒருவர் எழுதியிருந்தது, 'அம்மா அழாம எப்படி சட்டை மாத்தறது.'

அந்த வரியை வாண்டுவால் தாண்டிப் போக முடியவில்லை. அம்மா அழாமல் சட்டை மாற்றத் தெரிந்த ஒருத்தி ஒரே ஒரு மாடிப்படி இறங்கினால் போதும் என்கிற தூரத்தில் இருந்திருக்கிறாள். அவளிடம் கொண்டுபோய் விடத் தெரியாமல் இந்தத் தேடு பெட்டி பளபளா சட்டையை நீட்டியிருக்கிறது. இதைக் கட்டியது நான்தானே. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்படியெல்லாம் தேடினால் அண்ணியின் சட்டை வருகிற மாதிரி ஒவ்வொன்றையும் சேர்த்தாள்.

பிறகு டிரைவரைக் கூப்பிட்டு, தயவு செய்து நீங்களே இன்னொரு தடவை தேடிப் பாருங்கள் என்றாள். வெளியாள் போனில் பார்த்தால்தானே உறுதி. "இந்தா, மேலயே இருக்கே" என்றார் அவர். அப்போதே ஆர்டரும் போட்டுவிட்டார். வாண்டு மேசையில் ஓங்கித் தட்டியதில் பேனா ஸ்டாண்டு உருண்டது.

ஆனால் சாயந்திரத்துக்குள் வேறு ஆர்டர் வரவில்லை. மாதக்கணக்கில் மறந்துபோன ஜனங்கள் ஒரே மத்தியானத்தில் திரும்பி வந்துவிடுவார்களா என்ன?

*

அண்ணன் செருப்பு வியாபாரியோடு வந்து சேர்ந்தபோது அறை ஒழிக்கப்படவில்லை. துணி, மெஷின், மூட்டை எல்லாம் அந்தந்த இடத்திலேயே இருந்தன. அப்பாவும் கீழே இறங்கி வந்து ஒரு மூலையில் நின்றிருந்தார். வியாபாரி நல்ல மாதிரி மனிதர்தான். யாரையும் தொந்தரவு பண்ணாமல் சுவர் ஓரமாக நடந்து, எத்தனை அலமாரி வைக்கலாம் என்று கையால் அளந்துகொண்டிருந்தார். கண்ணாடி அக்கா தன் கத்தரிக்கோலைப் பையில் போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

வாண்டு அண்ணனை ஓரமாக இழுத்தாள். சட்டை விற்காமல் போனதற்குக் காரணம் சட்டை இல்லை, தேடல்தான், அது தன்னுடைய தப்பு, இன்றைக்குத்தான் தன்னால் கண்டுபிடித்துச் சரி செய்ய முடிந்தது என்று அண்ணியின் பெயரே வராமல் சொல்லி முடித்தாள். அண்ணன் முகம் சுருங்கியது. இத்தனை மாதமா, நீ என்ன பார்த்துக்கொண்டிருந்தாய் என்று ஆரம்பித்தான். வாண்டு தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். சரி, சரி செய்தபிறகு எத்தனை ஆர்டர் வந்தது என்று கேட்டான். ஒன்று என்றாள். ஒரு ஆர்டரை வைத்துக்கொண்டு ஒரு அறையை நிறுத்தி வைக்க முடியுமா, அவருக்கு வார்த்தை கொடுத்தாகிவிட்டது என்றான். அவன் சொன்னதும் நியாயம்தான். அவனும் ராத்திரி தூங்காமல் யோசித்து எடுத்த முடிவுதான் அது.

"அவளைத் திட்டாதீங்க" என்றாள் அண்ணி.

எல்லாரும் திரும்பினார்கள். வியாபாரிகூட அளப்பதை நிறுத்திவிட்டார்.

"என் சட்டையைக் கீழே தள்ளினது நான்தான். கிளிக் பண்ணக்கூடாதுன்னு நீங்க சொன்னீங்க, நான் பண்ணலை. ஆனா எந்த இடத்துல இருக்குன்னு தினமும் தேடித் தேடிப் பார்த்தேன். இவங்களையும் பார்க்க வெச்சேன். பார்த்துட்டுத் திறக்காமப் போனா வேண்டாம்னு அர்த்தமாம். எனக்குத் தெரியலை." கழுத்திலிருந்த அளவு நாடாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். "சிரிக்கணும்னா சிரிங்க."

அண்ணன் சிரிக்கவில்லை. அவன் முகத்தில் குழப்பம்தான் இருந்தது. "தினமுமா? இவ்வளவு கவலை இருந்திருக்கே, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீங்களும் பார்ப்பீங்கன்னு நினைச்சேன்."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தாள். வாண்டு தரையைப் பார்த்தாள். நடு மாடியிலிருந்து ஒன்றுகூட இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அதில் தன் பங்கும் சேர்ந்திருக்கிறது என்பதும் தெரியும். அண்ணன் காது மடல் சிவந்துவிட்டது.

அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். தேடினான். படம் வந்தது. விரல் அதன்மேல் போய், தொடாமல் நின்றது.

"தொடலாம்ணா" என்றாள் வாண்டு. "நம்ம தொடறது இனிமே கணக்குல வராது."

தொட்டான். சட்டையின் படத்துக்குக் கீழே, அதை எப்படிப் போடுவது என்று அண்ணி எழுதிக் கொடுத்திருந்தாள். இவ்வளவு நாளில் அவன் அதைப் படித்ததே இல்லை. இப்போது மெதுவாக, வாய்விட்டே படித்தான்.

"'போடும்போது நோகிற கையை முதலில் போடவும். கழற்றும்போது அந்தக் கையைக் கடைசியில் எடுக்கவும். அவசரப்பட வேண்டாம். பேசிக்கொண்டே செய்தால் அவர்களுக்குப் பயம் தெரியாது.'"

அம்மாவின் கடைசி மாதங்களில் அவன் இதே வீட்டில்தான் இருந்தான். காலையில் அம்மாவின் அறையிலிருந்து அண்ணி ஏதோ வம்பளப்பது கேட்கும், அம்மா குழறிக் குழறிச் சிரிப்பது கேட்கும். கதவு சாத்தியிருக்கும். அவன் வேலைக்குக் கிளம்பிவிடுவான். போனைப் பார்த்தபடியே இன்னொரு தடவை படித்தான், இந்தத் தடவை சத்தமில்லாமல்.

பிறகு வியாபாரியிடம் போனான். மன்னித்துக்கொள்ளுங்கள், இந்த அறை இப்போதைக்கு இல்லை, காலையில் கொடுத்த அந்த ஒரே சாவியைத் திருப்பிக் கொடுங்கள் என்று தணிவாகக் கேட்டான். வியாபாரி கையிலிருந்த சாவியைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

"உங்க கஷ்டம் புரியுது தம்பி. ஆனா உங்க வார்த்தையை நம்பி என் சரக்கு வண்டி ஏறியாச்சு. விடிஞ்சா இந்த வாசல்ல வந்து நிக்கும். நான் அதை நடுத்தெருவுலயா இறக்கறது?"

சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

கண்ணாடி அக்கா வீட்டுக்குக் கிளம்ப வேண்டிய நேரம். கதவை இழுத்துச் சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும், திறக்கச் சாவி இவர்களிடம் இல்லை. அண்ணி ஒவ்வொரு மெஷினாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அண்ணன் கதவருகே போனான். வாசலுக்குக் குறுக்கே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"இந்த ரூமை இன்னைக்குப் பூட்ட வேண்டாம்" என்றான் அண்ணியிடம். "நீ தை."